இரண்டு டாக்டர்களுக்கு நடுவில் ஒரு தரகனின் மூச்சு

எனக்கு மூச்சு நின்ற கதை காரைக்காலில் இப்போது பல பதிப்புகளில் உலவுகிறது. நான் திருட்டுத்தனமாகப் பீடி குடித்தேன் என்பது ஒரு பதிப்பு. ஏதோ பெண் வீட்டார் சாபம் விட்டார்கள் என்பது இன்னொன்று. பேசிப் பேசியே நுரையீரலைத் தேய்த்துவிட்டான் என்பது என் மச்சினன் வெளியிட்டது. தருமபுரத்தில் ஒருவர் நான் செத்தே போய்விட்டேன் என்று நம்பி மாலை வாங்கக் கடை வரைக்கும் போயிருக்கிறார். விலையைக் கேட்டதும், எதற்கும் உறுதிப்படுத்திக்கொள்வோம் என்று திரும்பிவிட்டாராம். இத்தனை பேர் சொல்லும்போது மூச்சுக்குச் சொந்தக்காரன் நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா? இருக்க மாட்டேன். வாயை மூடு என்று எனக்கு ஆஸ்பத்திரியிலேயே சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

என் பெயர் கோவிந்தராசு. தலத்தெருவில் வீடு. தொழில் கல்யாணத் தரகு. அதற்கு முன்னால், இளந்தாரியாக இருந்தபோது, அரிசி ஆலையில் வேலை. தவிட்டுத் தூசியை மூக்கு வழியாகவும் பீடிப் புகையை வாய் வழியாகவும் பல வருஷம் உள்ளே அனுப்பினேன். பிறகு ஆலையை விட்டேன், பீடியை விட்டேன். அவை இரண்டும் என்னை விடவில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். மூச்சுக்குழாய்கள் உள்ளே சுருங்கிச் சளி கட்டிவிடும்; இழுத்த காற்று வெளியே வரச் சிரமப்படும். எனக்குப் புரிந்த விதத்தில் சொன்னால், கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் உறவினர்களைப் போலப் பழைய காற்று உள்ளேயே இருக்கும். புதுக் காற்று வாசலில் நின்று எட்டிப் பார்க்கும், இலை கிடைக்காது.

இதற்காக டவுனில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் இன்ஹேலர் கொடுத்திருந்தார். அடித்து உறிஞ்சினால் குழாய்கள் விரியும். அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஜாதகம் கொடுத்து, ஜாதகம் வாங்கி, நன்றாகவே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ரத்த அழுத்தம் எனக்கு ஒரு பெண் பார்க்கும் நிகழ்ச்சியில் வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு, மூத்த மகன் வளைகுடாவிலிருந்து பிரஷர் பார்க்கும் மிஷின் அனுப்பியிருந்தான். பெண் அலங்காரம் முடிந்து வரும்வரை பொழுது போகவேண்டுமே என்று அவர் எல்லோர் கையிலும் அதைக் கட்டிப் பார்த்தார். என் முறை வந்தது. மிஷின் ஒருமுறை பார்த்தது, நம்பாமல் மறுபடி பார்த்தது. அவர் மனைவி, "இவருக்கு மொதல்ல மோர் குடுங்க, வீட்டுல எதும் ஆயிடப்போவுது" என்றார். பெண் வந்தபோது ஒருத்தரும் பெண்ணைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊருக்கு ஒரு பழக்கம் உண்டு. மூன்று பக்கமும் தமிழ்நாடு, கடல் ஒரு பக்கம். நடுவில் நாங்கள் புதுச்சேரி. எல்லையைத் தாண்டுவது எங்களுக்கு வாசல்படி தாண்டுவது மாதிரி. பெட்ரோல் போட அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வருவார்கள். கைராசியான டாக்டர் என்று யாராவது சொன்னால் நாங்கள் அங்கே போவோம். ஆகவே நுரையீரலை இந்தப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிரஷரை அந்தப் பக்கத்துக்கு எடுத்துப் போனேன்.

தரகனுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. பெண் வீட்டில் இருக்கும்போது உலகத்தில் அந்தப் பெண் வீடு மட்டும்தான் இருக்கிறது. அடுத்த தெருவில் இன்னொரு பெண் இருப்பதாக நினைக்கவே கூடாது. நான் டாக்டர்களிடமும் அப்படியே நடந்துகொண்டேன். ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து இன்னொரு டாக்டரின் மருந்தைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று உண்மையிலேயே நம்பினேன்.

அந்தப் பக்கத்து டாக்டர் நல்லவர்தான். வெளியே திருவிழாக் கூட்டம். ஆளுக்கு அரை நிமிஷம்.

"படபடப்பு இருக்கா?"

"இருக்குங்க."

"கை நடுங்குதா?"

நீட்டிக் காட்டினேன். நடுங்கியது.

"வேற மாத்திரை எதும் சாப்பிடுறீங்களா?"

"மாத்திரையா? ஒண்ணும் இல்லீங்க."

பொய் இல்லை. நான் உறிஞ்சுவது மாத்திரையா என்ன? அவர் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கவில்லை, நானும் முதுகைக் காட்டவில்லை. பிரஷர், படபடப்பு, நடுக்கம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே மாத்திரை எழுதினார். குன்றிமணி அளவுதான். அந்தப் படபடப்பும் நடுக்கமும் என் இன்ஹேலர் அதிகமாகப் போனால் வரக்கூடியவை என்பது எனக்கும் தெரியாது, இன்ஹேலர் இருப்பதே தெரியாததால் அவருக்கும் தெரியாது.

மாத்திரை வேலை செய்தது. கை நடுக்கம் நின்றது. காப்பி தளும்பாமல் குடித்தேன். என் மனைவி கமலா அந்த டாக்டருக்குக் கோயிலில் அர்ச்சனை செய்தாள். ஆனால் கொஞ்ச நாளில் மாடிப்படி எனக்குப் பழனி மலை ஆனது. பிறகு வாசல்படி. பிறகு சட்டை போடுவது. இன்ஹேலரை அடித்தால் ஒன்றும் நடக்கவில்லை. குலுக்கினேன், தட்டினேன், திட்டினேன். கடைக்காரன் காலி டப்பாவைத் தந்துவிட்டான் என்று சண்டைக்குப் போய்ப் புதிது வாங்கினேன். அதுவும் அப்படியே.

கமலாவுக்கு ஒரே சந்தேகம்தான். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையை மோந்து பார்ப்பாள்.

"ஊதுங்க பாப்போம்."

"ஊத முடிஞ்சா நான் ஏன்டி இப்படி நிக்கிறேன்?"

"பேச்ச மாத்தாதீங்க. பீடிதான?"

கடைசியில் தருமபுரத்தில் ஒரு வீட்டில், முகூர்த்தத்தை யார் செலவில் வைப்பது என்று இரண்டு தரப்பும் மல்லுக்கு நின்றபோது, நடுவில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த எனக்குப் பாதி வாக்கியத்தில் காற்று தீர்ந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியோடு சரிந்தேன். பெண்ணின் அப்பா பதறவில்லை. "ராசு, நடிக்காத. சரி, பாதிப் பாதி. போதுமா?" என்றார். சம்பந்தம் முடிந்தது. நான்தான் எழுந்திருக்கவில்லை. உதடு நீலமானதைப் பார்த்த பிறகுதான் நடிப்பு இல்லை என்று தெரிந்து, என் சிநேகிதர் ஜலீல் பாய்க்குப் போன் செய்தார்கள். ஜலீல் பாய் எங்கள் பக்கத்து வீடு. பல வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்து இப்போது ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். காரில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வழியெல்லாம் துஆ ஓதினார். நடு நடுவில், "ராசு, எங்க வீட்டுல ஜாதகம் பாக்குற வழக்கமெல்லாம் கெடையாது, ஆனாலும் நீ எனக்கு வேணும்யா" என்றார். சிரிப்பு வந்தது. சிரிக்கக் காற்று இல்லை. என் வாழ்நாளில் ஒரு நகைச்சுவைக்குச் சிரிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

ஊர்ப் பெயர், ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம். தனியார் ஆஸ்பத்திரி. முகத்தில் ஒரு மாஸ்க் மாட்டினார்கள். ஒரு சின்னக் கிண்ணியில் மருந்தை ஊற்றிப் புகையாக்கி உள்ளே அனுப்பினார்கள். நெபுலைசர் என்று பெயர். விரலில் துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒன்று. ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று அது சொல்லும். மணிக்கட்டில் ஆழமாக ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். மற்ற ஊசிகள் நரம்பில், இது நாடி ஓடும் தமனியில். உடம்பில் காற்று எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்க்க வேறு வழியில்லையாம். அந்த ஊசிக்குக் கத்தக்கூட முடியாமல் போனதே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

புகை மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நான் இளகவில்லை. மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நோய் முத்திடுச்சும்மா," என்று கமலாவிடம்தான் சொன்னார். "மருந்துக்குக் கேட்கல. இப்படியே இருந்தா வீட்டுல ஆக்சிஜன் மிஷின் வெச்சுக்கணும். மூக்குல குழாயோட இருக்கவேண்டியிருக்கும். அலைச்சல் கூடாது. பேச்சக் கொறச்சுக்கணும்."

கமலா அழுதாள். எனக்கு முதலில் பயம் வரவில்லை, கோபம் வந்தது. நல்ல காரியம் பேச வரும் தரகன் மூக்கில் குழாயுடன் வந்தால் எந்த வீட்டில் பாய் விரிப்பார்கள்? அலையாமல், பேசாமல் நான் என்ன செய்வது? மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, வார்த்தை வார்த்தையாக, "முடியாதுங்க" என்றேன்.

"எது முடியாது?"

"மிஷினு."

"அது உங்க இஷ்டம் இல்ல பெரியவரே, உங்க நுரையீரல் இஷ்டம்."

"அதுகிட்ட... நான்... பேசிக்கிறேன்."

மாஸ்க்கைத் திரும்ப வைத்து, பட்டையை ஒரு சுற்று இறுக்கிவிட்டுப் போனார்.

பயம் இரவில் வந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் மிஷினோடுதான் இருந்தார். அது குமிழ் குமிழாகச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் என் மிச்ச வாழ்க்கை முழுக்கக் கேட்டது. அடுத்த ஐப்பசியில் யார் வீட்டுக் கல்யாணத்திலாவது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேனா, அல்லது அந்த வீட்டார் பத்திரிகையை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போவார்களா என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். கமலா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தாள். நான் இருமினால் கண்ணைத் திறக்காமலே கை நீட்டி என் பாதத்தைப் பிடித்துக்கொள்வாள். பில்லை நினைத்தும் பயம்தான். ஆனால் ஜலீல் பாய் கடையிலிருந்து நேராக வந்து கவுன்டரில் எதையோ கட்டிவிட்டு, என்னிடம் கஞ்சித் தூக்கை மட்டும் நீட்டுவார். கேட்டால், "ஒங்கிட்ட யாரு கணக்கு கேட்டா? கஞ்சியக் குடி, ஆறிப்போவுது" என்பார்.

இந்த இடத்தில்தான் எங்கள் குடும்பத்தின் மேதைமையைச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அந்தக் குன்றிமணி மாத்திரையை நான் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காலையிலும் மாலையிலும் கமலா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குங்குமச் சிமிழிலிருந்து எடுத்துக் கஞ்சியோடு கொடுப்பாள். அந்தப் பக்கத்து டாக்டர் மாத்திரையை இந்தப் பக்கத்து டாக்டர் பார்த்தால் கோபித்துக்கொள்வாரே என்று. என் தொழில் ரகசியம் அவளுக்கும் தொற்றியிருந்தது.

ஒரு மத்தியானம் டூட்டி டாக்டர் வந்தது. சின்னப் பெண், என் தொழில் கண்ணுக்கு முதலில் தெரிந்தது கழுத்தில் தாலி இல்லை என்பதுதான். என் மணிக்கட்டைப் பிடித்தது. விட்டது. மறுபடி பிடித்தது. விரல் கிளிப்பில் வந்த எண்ணைப் பார்த்தது.

"அய்யா, உங்களுக்கு இப்ப மூச்சு வாங்குதுல்ல?"

"பாத்தா... தெரியலையாம்மா?"

"இப்படி வாங்குறப்ப நாடி ஓடணும். நெபுலைசர் வேற குடுத்திருக்கோம், இன்னும் வேகமா ஓடணும். உங்க நாடி உலாத்தப் போற மாதிரி நடக்குது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "நிதானமான... ஆளும்மா நானு."

"நிதானம் இல்ல அய்யா. யாரோ கடிவாளம் போட்டிருக்காங்க. வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

நான் கமலாவைப் பார்த்தேன். கமலா ஜன்னலைப் பார்த்தாள். டாக்டர் கமலாவின் கைப்பையைப் பார்த்தது. அடுத்த நிமிஷம் குங்குமச் சிமிழ் வெளியே வந்தது. உள்ளே கத்தரித்து வைத்திருந்த அட்டையில் மாத்திரையின் பெயரைப் படித்ததும் அந்தப் பெண் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது.

"இங்க அட்மிட் ஆன பெறகும் இதக் குடுத்தீங்களாம்மா?"

"வேள தவறல டாக்டர்," என்றாள் கமலா, பாவம், பாராட்டு வரும் என்று நினைத்து.

பிறகு அது பொறுமையாக விளக்கியது. இதயத்தை மெதுவாக்கிப் பிரஷரைக் குறைக்கும் மாத்திரைகளில் ஒரு வகை உண்டு. பீட்டா பிளாக்கர் என்று பெயர். இதயத்தில் மருந்து போய் உட்காரும் இடங்களைப் போலவே மூச்சுக்குழாயிலும் இருக்கின்றன. இன்ஹேலர் மருந்து அங்கே போய் உட்கார்ந்தால்தான் குழாய் விரியும். என் மாத்திரை இதயம், குழாய் என்று பேதம் பார்க்காமல் எல்லா இடத்திலும் துண்டு போட்டுப் பிடித்துவைத்துவிடும். இன்ஹேலர் போய்ப் பார்த்தால் உட்கார இடமில்லை. குழாய் தானாகவும் சுருங்கும், மருந்துக்கும் விரியாது.

"ரெண்டு வேலையும் அதே பாத்துடுச்சு," என்றது.

"அப்ப... என் நோய்... முத்தலையா?" என்று கேட்டேன்.

"நோய் இருக்கு. எவ்ளோ முத்தியிருக்குன்னு இந்த மாத்திரை எறங்கினாதான் தெரியும்."

உடனே அந்தச் சிமிழைக் குப்பையில் வீசப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டது. இந்த வகை மாத்திரையை நோயாளி தானாகத் திடீரென்று நிறுத்தினால் இதயம் கட்டவிழ்ந்த மாடு மாதிரி ஓடுமாம், பிரஷர் எகிறுமாம். "நிறுத்துறத நாங்க பாத்துக்கிறோம், பக்கத்துல மானிட்டர் வெச்சு. நீங்க வீரம் காட்டவேணாம்." பெரிய டாக்டருக்குப் போன் செய்தது. நெபுலைசரிலும் வேறு மருந்து வந்தது. அது வேறு வாசல் வழியாகப் போய்க் குழாயை விரிக்கும் மருந்தாம், என் மாத்திரை துண்டு போடாத வாசல்.

மருந்து மாறிய இரண்டாவது நாள் ஒரு முழு வாக்கியம் பேசினேன். "கமலா, அந்தப் பொண்ணுக்கு ஒரு நல்ல எடம் பாக்கணும்டி." கமலா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் பிழைத்துவிட்டேன் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வேறு பிரஷர் மாத்திரை தேடும் படலம் நடந்தது. அதையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் கொடுத்த வகைக்கு வறட்டு இருமல் வரக்கூடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வந்தது. ஏற்கெனவே இருமுகிறவனுக்கு எந்த இருமல் யாருடையது என்று பிரித்துப் பார்ப்பது பெரிய பாடு. மாற்றினார்கள். இப்போது சாப்பிடுவதில் சாயங்காலம் கணுக்கால் கொஞ்சம் வீங்கும். வீங்கட்டும். காலால் யார் மூச்சு விடுகிறார்கள்? பீட்டா பிளாக்கர் மாத்திரைகளிலேயே பெரும்பாலும் இதயத்தோடு நின்றுகொள்ளும் வகையும் உண்டு, நுரையீரல் நோயாளிகளில் சிலருக்குத் தேவைப்பட்டால் அதைக் கவனமாகக் கொடுப்பார்கள் என்றும் அந்தப் பெண் சொன்னது. ஆகவே நான் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் உங்கள் மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் பெரிய டாக்டர் ஒரு பரீட்சை வைத்தார். விரலில் கிளிப்போடு வராந்தாவில் ஆறு நிமிஷம் போய்ப் போய் வரவேண்டும். பிராணவாயு இறங்கினால் வீட்டில் மிஷின்; இறங்காவிட்டால் வேண்டாம். ஒரே நிபந்தனை, நடக்கும்போது பேசக் கூடாது.

நான் எழுதிய பரீட்சைகளிலேயே கஷ்டமானது இதுதான். வராந்தாவில் இரண்டு பக்கமும் பெஞ்சுகள். பெஞ்சு முழுக்கத் தெரிந்த முகங்கள். ஒருவருக்கு மகள் இருக்கிறாள், ஒருவர் தம்பிக்கு இரண்டாம் தாரம் பார்க்கவேண்டும். ஒவ்வொருவரும், "என்ன ராசு, ஒடம்பு எப்படி?" என்கிறார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு கும்பிட்டபடியே நடக்கிறேன், ஓட்டுக் கேட்கும் ஊமை வேட்பாளர் மாதிரி. நாலாவது நிமிஷத்தில் நெஞ்சு இறுகியது. சுவரைப் பிடிக்கக் கை போனது. ஜலீல் பாய் எதிர்க்கோடியில் நின்றுகொண்டு, "வாய்யா, வா, பொண்ணு வீட்டுல எல போட்டாச்சு!" என்று கத்தினார். கையை இழுத்துக்கொண்டேன். நடந்தேன்.

டாக்டர் எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இப்போதைக்கு மிஷின் வேணாம்," என்றார். "ஆனா நோய் போயிடல. இன்ஹேலர விடக் கூடாது, தூசிக்குப் போகக் கூடாது, மறுபடி வந்து காட்டணும்."

"பேசலாமா?"

"பேசாம இருக்கவா போறீங்க?"

மாடிப்படி இன்றைக்கும் ஓரிடத்தில் நின்றுதான் ஏறுகிறேன். நிற்கிற இடத்தில் யாராவது இருந்தால் ஒரு ஜாதகம் கேட்டுவிடுவேன்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் ஜலீல் பாயைக் கூட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டினேன்.

"அந்த டாக்டரு கூடச் சண்ட போடப்போறியா?" என்று கேட்டார்.

"அவரு மாத்திரையத்தான் கேட்டாரு, இன்ஹேலர நான் சொல்லல. யாருகூடச் சண்ட போடுறது? சொல்லிட்டு வருவோம், வாங்க."

அதே கூட்டம். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். சுற்றிப் பார்த்தேன். என் வயசு, எனக்கு மூத்த வயசு. ஒருவர் தோள் உயர்த்தி உயர்த்தி மூச்சு விடுகிறார். எனக்கு அந்தத் தோளைத் தெரியும். அவருக்குப் பக்கத்தில், அவர் மனைவி போலும், ஒரு அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன்.

"அம்மா, அய்யா, எல்லாரும் ஒரு நிமிஷம். இங்க யாருக்காச்சும் இழுப்பு, மூச்சு வாங்குறது இருக்கா? இன்ஹேலர் அடிக்கிறவுங்க இருக்கீங்களா? இருந்தா உள்ள போனதும் மொதல்ல அதச் சொல்லுங்க. அவரு கேக்கலன்னாலும் சொல்லுங்க. வெக்கப்படாதீங்க. கோச்சுக்கமாட்டாரு. கோச்சுக்கிட்டாலும் சொல்லுங்க!"

நர்ஸ் ஓடிவந்தது. "பெரியவரே, என்ன இது சந்தையா? சத்தம் போடாதீங்க."

"சத்தம் போட முடியுதும்மா," என்றேன். "அதான் போடுறேன்."

டாக்டரின் அறைக் கதவு திறந்தது. யார் என்று பார்க்க அவரே வெளியே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், அந்த அம்மாள் கைப்பைக்குள் கையை விட்டு, கைக்குட்டையில் சுற்றியிருந்த இன்ஹேலரை எடுத்து அவரிடம் நீட்டியபடி எழுந்து நின்றார்.